காய்க்காத வருடத்தில் மரம் என்ன செய்கிறது?

கேள்வி: என் தோட்டத்தில் பன்னிரண்டு வயது மாமரம் ஒன்று இருக்கிறது. போன வருடம் கிளை தாங்காமல் காய்த்தது. இந்த வருடம் ஒரு பூகூட இல்லை. பூக்கட்டும் என்று யூரியா வைத்துத் தண்ணீரும் தாராளமாக விட்டேன். பூவுக்குப் பதில் தளதளவென்று தளிர் வந்தது. வந்த வேகத்தில் புழுவும் வந்து தின்றது. அதே வேலியோரம் தானாக முளைத்த மரம் ஒன்று, பெயர் தெரியாது. இலையைக் கசக்கினால் கசப்பு வாடை. அதை ஒரு பூச்சியும் தொடுவதில்லை; ஆனால் ஐந்து வருடமாகியும் என் தோள் உயரத்தைத் தாண்டவில்லை. வளர்வது, காய்ப்பது, தன்னைக் காத்துக்கொள்வது, இந்த மூன்றையும் ஒரு மரத்தால் ஏன் சேர்த்துச் செய்ய முடிவதில்லை? புழுவுக்கு மருந்து அடிக்கலாமா? அடிமரத்தைக் கொத்திவிட்டால் பூக்கும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்:

உங்கள் மரத்துக்கு நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மர உடலியல் என் தொழில். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் காய்ப்புக்கு ஒரு நாள், புழுவுக்கு ஒரு நாள் என்று தனித்தனியாகத்தான் வருவார்கள். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே கேள்வியாகச் சேர்த்துக் கேட்டுவிட்டதால் என் வேலை பாதி குறைந்தது.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் விடை ஒன்று உண்டு. மரத்தின் வருமானம் சர்க்கரை. இலை வெயிலில் சம்பாதிப்பதை வேர், கட்டை, தளிர், பூ, காய், பிசின், கசப்பு எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றுக்குக் குறையும். சரிதான், ஆனால் பாதிதான் சரி. கையிருப்பு தீர்ந்துபோய் மரம் ஒரு வேலையை விடுவது உண்டு. கையிருப்பு இருந்தும் ‘இப்போது வேண்டாம்’ என்று நிறுத்திவைப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். வைத்தியம் மட்டும் வேறு வேறு.

முதலில் மாமரத்துக்கு வருவோம். மாவில் பூ வருவது பெரும்பாலும் முற்றிய கிளை நுனியில். அறுவடை முடிந்ததும் மரம் புதுத் தளிர் விட்டு, அந்தத் தளிர் முற்றிக் கடினமானால்தான் அடுத்த பருவத்தில் அந்த நுனி பூக்கும். போன வருடம் கிளை தாங்காமல் காய் பிடித்ததால் மரத்தின் சர்க்கரையெல்லாம் காய்க்கும் கொட்டைக்கும் போயிருக்கிறது. அறுவடைக்குப் பிறகு வர வேண்டிய தளிர் வராமலோ, தாமதமாக வந்தோ இருக்கும். பூக்கும் பருவம் வந்தபோது பூக்கத் தகுந்த நுனி மரத்தில் இல்லை. கட்டையிலும் வேரிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தும் கரைந்திருக்கும். ஆக, நீங்கள் இந்த வருடம் பார்ப்பது போன வருடத்துக் கணக்கின் பாக்கி. குளிர்நாட்டு மரங்களில் இந்தக் கணக்கு அடிமரத்திலேயே எழுதியிருக்கும். பீச் (beech, பழம் தரும் பீச் இல்லை), டக்ளஸ் ஃபர் போன்ற மரங்கள் விதையை அள்ளிக் கொட்டிய வருடங்களில் கட்டையின் வளையம் மெலிந்திருப்பதை வனவியலாளர்கள் பல இடங்களில் அளந்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது கையிருப்பு. இன்னொரு பாதி ஆப்பிளில் தெளிவாகத் தெரிந்தது. ஆப்பிளும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும் மரம்தான். விதையே இல்லாமல் காய்க்கக்கூடிய ஆப்பிள் வகை ஒன்றை வைத்து 1967இல் ஒரு சோதனை வெளிவந்தது. விதையுள்ள பழத்தைச் சுமந்த சிறு கிளைகள் மறு வருடம் பூக்கத் தயங்கின. விதையில்லாப் பழத்தைச் சுமந்தவை பூத்தன. பழம் தின்ற சர்க்கரைதான் காரணம் என்றால் இரண்டும் தயங்கியிருக்க வேண்டும் அல்லவா? தடுத்தது விதை. வளரும் விதையில் ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஊக்கி நிறைய இருக்கிறது. பக்கத்து மொட்டு பூ மொட்டாக மாறுவதை அது தடுக்கிறது. ‘இங்கே ஏற்கெனவே பிள்ளைகள் இருக்கின்றன, அடுத்ததைப் பிறகு பார்க்கலாம்’ என்று விதையே சேதி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவிலும் ஜிப்பரெலின் கூடினால் பூ தள்ளிப்போகும். தோப்புக்காரர்கள் பயன்படுத்தும் பாக்லோபியூட்ரசால் மருந்து, மரம் ஜிப்பரெலின் தயாரிப்பதை முடக்கித்தான் பூக்கவைக்கிறது. உங்களுக்கும் யாராவது அதைச் சொல்லியிருப்பார்கள். ஒற்றை வீட்டு மரத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. அளவு தப்பினால் கிளைகள் குறுகிக் கொத்துக் கொத்தாக நின்றுவிடும். மருந்தும் மண்ணில் நெடுநாள் தங்கும்.

இப்படி விட்டுவிட்டுக் காய்ப்பதைக் குறையாகப் பார்ப்பது நாம்தான். காட்டில் அதற்கு வேறு பயன் இருக்கிறது. டேனியல் ஜான்சென் என்ற சூழலியலாளர் 1971இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். மரங்கள் சில வருடம் விதையே இல்லாமல் விட்டால் விதை தின்னும் வண்டும் எலியும் பட்டினியில் குறையும். பிறகு ஒரே வருடத்தில் எல்லா மரமும் சேர்ந்து கொட்டினால், இருக்கிற வாய்கள் தின்று தீர்க்க முடியாது. மிச்சம் முளைக்கும். ஓக், பீச் மரங்களும் தென்கிழக்கு ஆசியக் காடுகளின் டிப்டெரோகார்ப் மரங்களும் இந்த வழியில் போகின்றன. இங்கே இனப்பெருக்கமே பாதுகாப்பாகவும் ஆகிவிடுவதைக் கவனியுங்கள். தாளிப்பனை இன்னும் ஒரு படி மேல். பல பத்தாண்டுகள் சேர்த்து, ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்துச் செத்துப்போகும்.

சரி, யூரியாவுக்கு வருவோம். எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிற இடம் இது. உங்கள் மேல் இல்லை. மரம் எது செய்யாவிட்டாலும் உரம் போடு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மேல்.

இலை தின்னும் புழுவுக்குச் சர்க்கரை பெரிய குறையே இல்லை. அதற்குக் கிடைக்காதது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன்; யூரியாவில் இருப்பதும் அதுதான். பூச்சியின் உலர் எடையில் தழைச்சத்து ஏறக்குறைய 8 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். இலையில் பெரும்பாலும் 1 முதல் 5 சதவீதம்தான். ஒரு புழு தன் உடம்பைக் கட்ட மூட்டை மூட்டையாக இலை தின்ன வேண்டியிருப்பது அதனால்தான். நீங்கள் யூரியா வைத்ததும் மரம் அந்தத் தழைச்சத்தை இழுத்துப் புதுத் தளிரில் கொண்டுபோய் வைத்தது. புழுவுக்கு அதைவிட நல்ல இலை கிடைக்காது. தத்துப்பூச்சி, அசுவினி போன்ற சாறு உறிஞ்சிகளும் இப்படி மதர்த்து நிற்கும் மரத்தைத்தான் தேடி வரும். தழைச்சத்தும் தண்ணீரும் ஒருசேரக் கிடைத்ததால், ‘இது வளரும் காலம்’ என்று மரம் முடிவு செய்துவிட்டது. பூக்க வேண்டிய நுனிகள் இலையாய் விரிந்தன.

தளிருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. விரியும் இலை கடினமாக இருக்க முடியாது. செல்லின் சுவர் நீள வேண்டுமானால் அது இளக்கமாக இருந்தே ஆக வேண்டும். கடினமான பிறகு விரிய முடியாது. முற்றிய இலையைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு அதன் முரட்டுத்தனம்தான். அது வந்து சேரும்வரை தளிர் நிராயுதபாணி. வெப்பமண்டல மழைக்காடுகளின் நிழல் தாங்கும் மரங்களில், ஓர் இலை வாழ்நாள் முழுவதும் படும் சேதத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் அது விரியும் சில வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. மாந்தளிரின் செம்பு நிறத்தை ரசித்திருப்பீர்கள். பல வெப்பமண்டல மரங்கள் தளிரில் பச்சையத்தை உடனே நிரப்புவதில்லை. இலை முழு அளவுக்கு விரிந்து முரடாகும்வரை தள்ளிப்போடுகின்றன. அந்த நாட்களின் சம்பாத்தியம் போகும். ஆனால் யாராவது தின்றுவிட்டால் நஷ்டமும் குறைவு. எல்லாத் தளிரையும் ஒரே நேரத்தில் தள்ளுவதும் இதே கணக்குதான்: தின்பதற்கு வாய்கள் பெருகுவதற்குள் இலை முற்றிவிட வேண்டும்.

இனி அந்தக் கசப்பு மரம். ‘முருங்கை பருத்தால் தூணாகுமா?’ என்று ஒரு பழமொழி உண்டே, அதில் பாதி மரவியல் இருக்கிறது. வேகமாகப் பருக்கிற மரம் கட்டையில் வைரம் ஏற்றுவதில்லை. வைரம் பாய்ந்த மரம் வேகமாகப் பருப்பதில்லை. இலையிலும் இதே கதைதான். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஃபில்லிஸ் கோலி 46 வகை மரங்களில் இலைச் சேதத்தை அளந்து 1983இல் வெளியிட்டார். வெட்டவெளியில் வெயிலைப் பிடித்து விரைந்து வளரும் மரங்களின் முற்றிய இலை, நிழலில் மெதுவாக வளரும் மரங்களின் இலையைவிடச் சுமார் ஆறு மடங்கு வேகமாகத் தின்னப்பட்டது. வேக மரத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஓர் இலை போனால் அடுத்த வாரம் இன்னொன்று. மெதுவாக வளரும் மரம் ஓர் இலையைப் பல வருடம் வைத்திருக்க வேண்டும். அதைப் போட மறுபடி சத்து கிடைக்குமோ என்னவோ. அதனால் கசப்பையும் துவர்ப்பையும் நாரையும் அள்ளி வைக்கிறது.

எது காரணம், எது விளைவு என்று நீங்கள் கேட்கலாம். மெதுவாக வளர்வதால் கசப்பா, கசப்பாக இருப்பதால் மெதுவா? பெரு நாட்டு அமேசானில் பால் ஃபைனும் கோலியும் மற்றவர்களும் இதை நேரடியாகச் சோதித்து 2004இல் எழுதினார்கள். அங்கே சத்தில்லாத வெள்ளை மணலும் வளமான களிமண்ணும் அருகருகே இருக்கின்றன. இரண்டிலும் வேறு வேறு மரங்கள். இருபது வகைக் கன்றுகளை இரண்டு மண்ணிலும் மாற்றி நட்டு, பாதிக்குப் பூச்சி புகாத வலை போட்டார்கள். வலைக்குள் களிமண் மரங்களே இரண்டு மண்ணிலும் வேகமாக வளர்ந்தன, வெறும் மணலிலும்கூட. வலை இல்லாத இடத்தில் மணலில் மணல் மரங்கள் முந்திக்கொண்டன. களிமண் மரத்தை மணலில் வாழவிடாமல் செய்தது வெறும் வறட்சியோ சத்துக்குறைவோ இல்லை. அங்கே பூச்சி தின்றதை ஈடுகட்ட அதற்கு வழியில்லை. உங்கள் வேலியோர மரமும் மெலிந்த மண்ணைச் சேர்ந்த ஓர் இனமாக இருக்கலாம். தோள் உயரத்துக்கு மேல் போகாததை அதன் தோல்வியாக நினைக்காதீர்கள். அதன் சம்பாத்தியத்தில் கணிசமான பங்கு நம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது.

பாதுகாப்புக்கு ஆகும் செலவு உண்மையில் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியதா என்ற சந்தேகம் வந்தால் ரப்பர் மரத்தைப் பாருங்கள். அதன் பால் நமக்காகச் சுரப்பதில்லை. கடிக்கிற வாயை ஒட்டவைக்கச் சுரப்பது. பால் வெட்டினால் மரம் இழந்ததை ஈடுகட்ட மேலும் மேலும் பால் தயாரிக்கிறது. அடிமரச் சுற்றளவு ஏறக்குறைய 50 செ.மீ. வந்த பிறகுதான் வெட்டத் தொடங்குவார்கள். காரணம், வெட்டத் தொடங்கியதும் மரம் பருப்பது குறைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு தற்காப்புப் பொருளை விடாமல் தயாரிக்கவைத்தால் வளர்ச்சி எவ்வளவு குறையும் என்பதை இவ்வளவு பெரிய அளவில் மனிதர்கள் வேறெங்கும் செய்து பார்த்ததில்லை. இப்படி எப்போதும் தயாராக வைத்திருப்பது கட்டுப்படியாகாத மரங்கள் அடிபட்ட பிறகு தயாரிக்கின்றன. அகில் அப்படித்தான். காயமோ பூஞ்சையோ படாத அகில் மரத்தின் கட்டை வெறும் வெள்ளைக் கட்டை. வாசனைப் பிசின் புண்ணுக்குப் பிறகே வரும்.

அடிபட்டதை மரத்துக்குச் சொல்கிற சேதி ஜாஸ்மோனிக் அமிலம். பெயர் மல்லிகையிலிருந்து வந்தது. இதன் நெருங்கிய உறவான மீதைல் ஜாஸ்மோனேட்டை 1962இல் மல்லிகை வகை ஒன்றின் எண்ணெயிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். புழு கடித்ததும் இலையில் இந்தச் சேதி ஏறுகிறது. கசப்பும் துவர்ப்பும் தயாராகத் தொடங்கும். கூடவே இன்னொன்றும் நடக்கும். ‘வளர்’ என்று சொல்லும் ஜிப்பரெலினின் பாதையும் ‘காத்துக்கொள்’ என்று சொல்லும் ஜாஸ்மோனிக் பாதையும் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும்படி பின்னியிருக்கின்றன. ஒன்றின் பிரேக் விடுபட்டால் இன்னொன்றின் பிரேக் இறுகும். ஆக, தற்காப்பு தொடங்கியதும் வளர்ச்சி குறைவது காசு தீர்ந்ததால் மட்டும் இல்லை; அப்படி ஓர் இணைப்பு இருப்பதாலும்தான். அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2016இல் இந்தப் பின்னலைச் சில இடங்களில் அவிழ்த்துப் பார்த்தார்கள். செடி நன்றாக வளரவும் செய்தது, பூச்சியையும் எதிர்த்தது. ‘அப்படியானால் இரண்டும் சேர்ந்தே முடியுமே!’ என்று எல்லாரும் உற்சாகப்பட்டார்கள். அதே ஆய்வகம் 2018இல் தற்காப்பின் பிரேக்குகளை இன்னும் நிறைய அவிழ்த்தது. செடி குறுகிப்போனது, விதையும் வெகுவாகக் குறைந்தது. ஆக, வளர்ச்சி குறைவது கொஞ்ச தூரம்வரை செடி எடுக்கும் முடிவு சார்ந்தது, அதற்கு மேல் உண்மையிலேயே காசு சார்ந்தது. எனக்கு இந்த இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கப் பிடிக்கும்.

கென்யாவின் ஒரு வேல மர வகையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க மனமில்லை. அதன் முட்களில் சில பந்துபோல் உப்பி உள்ளே பொள்ளலாக இருக்கும். எறும்புகளுக்கு அது வீடு. இலைக்காம்பில் தேனும் கிடைக்கும். யானையோ ஒட்டகச்சிவிங்கியோ வாய் வைத்தால் எறும்புகள் பாய்ந்து கடிக்கும். அங்கே சில நிலத்துண்டுகளில் பெரிய விலங்குகள் புகாதபடி மின்வேலி போட்டுப் பத்து வருடம் விட்டார்கள். தின்ன ஆளில்லை என்றதும் மரங்கள் உப்பிய முட்களையும் தேனையும் குறைத்தன. சிக்கனம்தான். நல்ல காவல் எறும்பு இடம் இல்லாமல் குறைந்தது. அந்த இடத்தைப் பிடித்தது வண்டு குடைந்த பொந்துகளில் குடியிருக்கும் வேறோர் எறும்பு; வண்டுகளைத் துரத்த அதற்கு அக்கறை இல்லை. அது குடியேறிய மரங்களில் தண்டு துளைக்கும் வண்டு பெருகியது, வளர்ச்சி குறைந்தது, சாவும் இரண்டு மடங்கானது. 2008இல் வெளிவந்த ஆய்வு இது. தின்பவர்களை விலக்கியது மரத்துக்கு நன்மையாக முடியவில்லை. அதே மரத்தில் குடியிருக்கும் மூன்றாவது எறும்பு வகை ஒன்று மொட்டுகளைக் கடித்தெறிந்து மரத்தைப் பூக்கவே விடாது. அந்த மரம் காவலுக்குக் கொடுக்கும் கூலி தன் பிள்ளைகள்.

இனி உங்கள் தோட்டத்துக் காரியம். புழுவுக்கு இப்போது மருந்து அடிக்க வேண்டாம். ஒரு தடவை தளிர் போனால் பன்னிரண்டு வயது மரம் தாங்கும். மிஞ்சிய இலைகள் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். அடுத்த தளிரும், அதற்கடுத்த தளிரும் முற்றாமலே தின்னப்பட்டால்தான் தலையிட வேண்டும். அப்போதும் தளிர் பருவத்தில் மட்டும், புழு இருக்கும் கிளைக்கு மட்டும். பூத்திருக்கும்போது அடிக்கவே கூடாது. மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு ஈக்களுடையது. அவையும் சேர்ந்து செத்துவிடும்.

யூரியாவை நிறுத்துங்கள். உரம் வைப்பதானால் அறுவடை முடிந்த உடனே, அளவாக. அப்போது வரும் தளிர் முற்ற நேரம் இருக்கும். காய் முடிந்த காம்பு நுனிகளை அந்த நேரத்திலேயே லேசாகக் கவாத்து செய்தால் தளிர் சீக்கிரம் வரும். பூ எடுக்கும் பருவத்துக்கு முன் சில வாரம் தண்ணீரைக் குறைத்துக் கொஞ்சம் காயவிடுங்கள். மிதமான வறட்சியில் மரத்தின் வளர்ச்சிதான் முதலில் நிற்கும். ஒளிச்சேர்க்கை அவ்வளவு சீக்கிரம் நிற்காது. இலை சம்பாதித்துக்கொண்டே இருக்கும், செலவழிக்கத் தளிர் இருக்காது. அந்த மிச்சம் பூவுக்கும் இலையின் துவர்ப்புக்கும் போகும். அப்புறம், மரம் மறுபடி போன வருடம்போல் அள்ளிக் காய்த்தால் பிஞ்சிலேயே ஒரு பங்கைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் கொட்டை முற்றுவதற்குள் கிள்ளினால்தான் சர்க்கரையும் மிஞ்சும், விதை அனுப்பும் சேதியும் குறையும்.

அடிமரத்தைக் கொத்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். அது பொய் இல்லை, சில சமயம் வேலை செய்யும். சர்க்கரை கீழே இறங்குவது பட்டை வழியாக. பட்டையை வெட்டினால் அது வேருக்கு இறங்காமல் கிளையிலேயே தேங்கும், கிளை பூக்கும். வேர் பட்டினி கிடக்கும். வெட்டிய புண்ணை மூடும் செலவு வேறு, மூடுவதற்குள் தண்டு துளைப்பானோ பூஞ்சையோ நுழைந்தால் அந்தச் செலவு வேறு. ஏற்கெனவே கையிருப்பு கரைந்த மரத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

வேலியோர மரத்தை அப்படியே விடுங்கள். இலையின் இரண்டு பக்கமும், பூவோ காயோ வந்தால் அதுவும் தெரியும்படி ஒரு படம் அனுப்புங்கள். பெயர் கண்டுபிடிக்க முடிகிறதா பார்க்கலாம்.